அந்த நைட் ட்யூட்டி சிஸ்டருக்கும், வார்டுல இருந்த எல்லாருக்கும்

அம்மா வீட்டுக்கு வந்துட்டாங்க. என்ன ஆச்சு ஏது ஆச்சுன்னு போன் பண்ணவங்களுக்கெல்லாம் சொல்லி சொல்லி வாயே வலிக்குது, அதனால அதெல்லாம் மறுபடி இங்க எழுதல. இது தருமபுரி பெரியாஸ்பத்திரில அம்மாவ பாத்துக்கிட்டவங்களுக்கு நன்றி சொல்றதுக்கு மட்டும்தான். நாளாச்சுன்னா வீட்டு வேலைல அப்படியே தள்ளிப்போயிடும், அதான் தூக்கம் கண்ண சொக்கினாலும் உக்காந்து டைப் பண்றேன்.

டாக்டருங்க உயிர காப்பாத்தி குடுத்தாங்க, அதுல ரெண்டு பேச்சே இல்ல. ஆனா நான் அதிகமா சொல்ல வேண்டியது நைட் ட்யூட்டில இருந்த ஒரு சிஸ்டர பத்தி. பேர் போடல, அவங்களுக்கு புடிக்குமோ என்னமோ.

ஜுரம் எறங்கி, சரி இனிமே பயமில்லன்னு மூச்சு விட்ட நேரத்துலதான் அம்மா வேற ஆளா ஆயிட்டாங்க. பகலெல்லாம் தூக்கம். பொழுது சாஞ்சா போதும், என்னையே பாத்து நீ யாருங்கறாங்க, செவுத்துல ஆடு ஏறுது ஓட்டுடிங்கறாங்க, டிரிப்ஸ் ஊசிய புடுங்கறாங்க. பாக்க வந்த சொந்தக்காரங்க ஒருத்தர் காத்து கருப்பு ஏதோ அண்டிடுச்சு மந்திரிச்சு கயிறு கட்டுங்கன்னாரு, இன்னொருத்தர் புத்தி பேதலிச்சிருச்சு இனிமே இப்படித்தான்னு என் காதுபடவே சொல்லிட்டு போனாரு. எங்க சித்தப்பா ஒரே போடா, கை ரெண்டையும் கட்டிலோட கட்டிடுங்கன்னுட்டாரு.

அந்த சிஸ்டர் வந்து ஜுரம் பாத்தாங்க, பிரஷர் பாத்தாங்க, சுகர் குத்தி பாத்தாங்க, டாக்டருக்கு போன் போட்டு சொன்னாங்க. அப்புறம் என்கிட்ட கேட்டாங்க, "அக்கா, ஆயா வீட்ல கண்ணாடி போடுவாங்களா?"

போடுவாங்க. ஆனா அது வீட்டு அலமாரில கெடக்குது, 108ல ஏத்தற அவசரத்துல கண்ணாடிய யாரு நினைச்சா!

காலைல மொத பஸ்ல தம்பிய எடுத்துட்டு வர சொன்னோம். அதுக்குள்ள சிஸ்டர் எனக்கு வெளக்கமா சொன்னாங்க, இது பைத்தியம் இல்லக்கா, பேயும் இல்ல, இதுக்கு டெலிரியம்னு பேரு, வயசானவங்களுக்கு உடம்புல கிருமி போனா, ரத்தத்துல உப்பு கொறஞ்சா, சரியா தூங்கலன்னா, கண்ணாடி இல்லாம கண்ணு சரியா தெரியலன்னா, ஊரு இடம் தெரியாத எடத்துல படுத்தா இப்படி திடீர்னு வரும், சாயங்காலத்துக்கு மேல அதிகமாகும், காரணத்த பாத்து சரி பண்ணா பெரும்பாலும் தெளிஞ்சிடும், ஆனா கைய கட்டுனா பயந்து இன்னும் ஜாஸ்தி மொரண்டு புடிப்பாங்க, அதனால நீங்க கிட்டயே இருங்க, பேர் சொல்லி கூப்புடுங்க, இது ஆஸ்பத்திரி, இன்னைக்கு என்ன கிழமை, மணி என்னன்னு பொறுமையா சொல்லிக்கிட்டே இருங்கன்னு. அத்தன நேரமும் அம்மா கையி போர்வைய பிச்சு பிச்சு ஏதோ பண்ணிக்கிட்டே இருந்துச்சு. என்னக்கா பண்றாங்கன்னு கேட்டாங்க. எனக்கு பாத்தவுடனே தெரியும், எங்கம்மா எத்தன வருஷமா புளி தட்டி கொட்டை எடுக்கற வேலைக்கு போனவங்க, அதத்தான் பண்றாங்கன்னேன். சிஸ்டர் போயி ஒரு துண்ட எடுத்துட்டு வந்து நாலஞ்சு முடிச்சு போட்டு அம்மா கைல குடுத்து, "ஆயா, இத பிரிச்சு குடுங்க, சீக்கிரம் கணக்கு பாக்கணும்"னாங்க. அம்மா உக்காந்து அத பிரிக்க ஆரம்பிச்சவங்கதான், டிரிப்ஸ் பக்கமே கை போகல. பிரிச்சு முடிச்சா நான் திரும்ப முடிச்சு போட்டு குடுப்பேன். எனக்கு அப்ப சிரிப்பா அழுகையான்னே தெரியல.

இது ஒரு ராத்திரி செஞ்ச உதவின்னா நான் மனசுக்குள்ள கும்புட்டுட்டு போயிருப்பேன். காலைல ட்யூட்டி மாத்தும்போது கட்டில் பக்கத்துலயே நின்னு அடுத்த சிஸ்டர்கிட்ட மருந்து, ஊசி, ஒன்னுக்கு அளவு எல்லாம் சொல்லிட்டு, அதோட சேத்து கண்ணாடி வருது போட்டு விடுங்க, பகல்ல ஜன்னல் பக்கம் உக்கார வைங்க தூங்க விடாதீங்க, கைல துண்டு குடுங்கன்னும் சொன்னாங்க பாருங்க, அதுதான் என்ன அசத்துச்சு. மத்தியானம் வந்தவங்களும் செஞ்சாங்க, அடுத்த ராத்திரி வந்தவங்களும் செஞ்சாங்க, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா பெரட்டி படுக்க வைக்கற மாதிரி இதுவும் ஒரு வேலையா ஆயிடுச்சு. கொஞ்சம் கொஞ்சமா அம்மா தெளிஞ்சாங்க, ஒரு நாள் காலைல என்ன பாத்து தலைய வாருடி பிச்சைக்காரி மாதிரி இருக்கன்னு திட்டுனாங்க, அப்பதான் எனக்கு உசுரே வந்துச்சு.

நர்சிங் கவுன்சில் கணக்குப்படி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி பொது வார்டுல மூணு பேஷண்டுக்கு ஒரு நர்ஸ் இருக்கணுமாம். நம்ம நாட்டுல எங்க அப்படி இருக்குன்னு எனக்கு யாராவது காட்டுங்க. இதுல பல பேரு வருஷக்கணக்கா தொகுப்பூதியத்துல ஓடறாங்க. மே 12 ஆனா செவிலியர் தினம்னு எல்லாரும் ஸ்டேட்டஸ் போடறோம், கேக்கு வெட்றோம், சரி போடுங்க வெட்டுங்க, ஆனா நிரந்தரம் பண்ணுங்கன்னு அவங்க கேக்கும்போதும் நாம கூட நிக்கணும்ல.

108 தம்பிங்க, ஐசியூ டாக்டருங்க, ஸ்கேனுக்கு தள்ளிட்டு போன அண்ணன், வார்ட கூட்டி தொடைச்ச அக்காங்க, பக்கத்து கட்டில் அரூர் குடும்பம் (அவங்க குடுத்த களியும் கீரையும் மறக்க மாட்டேன்), ரத்தம் குடுக்க காரிமங்கலத்துல இருந்து வந்த பசங்க, எல்லாருக்கும் கும்புடு. 2008ல இங்க மெடிக்கல் காலேஜ் வர்றதுக்கு முன்னாடி பெரிய கேஸ்னா சேலத்துக்கு தூக்கிட்டு ஓடுவோம், தொப்பூர் கணவாய் தாண்டற வரைக்கும் உசுரு கைல இருக்கும். அதையும் நினைச்சுக்கிட்டேன்.

இனிமே யார் வீட்ல வயசானவங்கள அட்மிட் பண்ணாலும் நான் ஆப்பிள் ஆரஞ்சு வாங்கிட்டு போக மாட்டேன். கண்ணாடி கொண்டாந்தீங்களா, காது மிஷின் இருக்கா, பல்செட் எங்கன்னு தான் கேப்பேன்.

சிஸ்டர், ஒரு விஷயம். அம்மாவுக்கு அந்த ராத்திரிங்க எதுவுமே ஞாபகம் இல்ல, உங்களையும் ஞாபகம் இல்ல. நான் துண்டு கதைய சொன்னா, அப்படியா பண்ணேன், யாருடி அந்த பொண்ணுங்கறாங்க. அதான் அவங்க சொல்ல வேண்டியதையும் சேத்து நானே எழுதறேன். ரிவ்யூக்கு வர்றப்ப அம்மாவ வார்டு வரைக்கும் நடக்க வச்சே கூட்டிட்டு வந்து காட்டறேன். உங்களுக்கு நைட்டுன்னா சொல்லுங்க, இருந்து பாத்துட்டு கடைசி பஸ்ல போறோம்.