கடைசிச் சுற்று ஒரே நேரத்தில் தொடங்கட்டும்

ஆசிரியருக்கு,

இரண்டாம் டிவிஷன் கால்பந்து லீக்கின் கடைசிச் சுற்று இரண்டு நாள்களாகப் பிரிக்கப்படும் என்ற செய்தி கவலை தருகிறது. முதல் நாள் முடிவுகள் தெரிந்துவிட்டால், டிரா போதுமா, எத்தனை கோல் வித்தியாசம் வேண்டும் என்ற கணக்கோடுதான் மறுநாள் அணிகள் இறங்கும். மோதும் இரு அணிகளுக்குமே டிரா போதுமென்றால் 70ஆவது நிமிடத்திலிருந்து பந்து பின்கள வீரர்களுக்கும் கோல்கீப்பருக்கும் இடையிலேயே உருளும். இப்படித்தான் 1982 உலகக் கோப்பையில், இரு அணிகளும் முன்னேறப் போதுமான 1-0 கணக்கில் மேற்கு ஜெர்மனி ஆஸ்திரியாவை வெல்ல, முந்தைய நாளே ஆடி முடித்த அல்ஜீரியா வெளியேறியது.

மைதானங்கள் போதாவிட்டால், மேல் டிவிஷனுக்கு உயரும் அணியையும் கீழ் டிவிஷனுக்கு இறங்கும் அணியையும் தீர்மானிக்கும் ஆட்டங்களையாவது ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும். இடைவேளை முடிந்து வேண்டுமென்றே தாமதமாகக் களமிறங்குவதும் உண்டு என்பதால், களத்துக்கு வெளியே நிற்கும் நான்காம் நடுவர்கள் தொலைபேசியில் பேசிக்கொண்டு, இரண்டாம் பாதிக்கான விசிலும் எல்லா மைதானங்களிலும் ஒன்றாக ஒலிக்கச் செய்யலாம்.