மாமா, அந்த டெக்கைக் கொடுத்துவிடாதீர்கள்

அன்புள்ள மாமா,

ஸ்டோர் ரூமைக் காலி செய்கிறீர்கள், கேசட் டெக்கையும் பழைய சாமான் வாங்கும் கராங் குனிக்காரரிடம் கொடுத்துவிடப் போகிறீர்கள் என்று அத்தை சொன்னார். வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

"கேசட் என்றாலே உஸ்ஸென்ற இரைச்சல்தானே" என்பீர்கள். நாம் நினைவில் வைத்திருப்பது டூ-இன்-ஒன் ரேடியோவில் கேட்ட கேசட்டை. கடையில் வாங்கியவற்றில் பாதி, மட்டமான டேப்பில் அதிவேகமாக மொத்தமாய்ப் பிரதி எடுத்தவை. அதை வைத்துக் கேசட்டையே மட்டம் தட்டுவது நியாயமில்லை. டேப்பின் அகலம் 4 மில்லிமீட்டர்கூட இல்லை, ஓட்டமோ நொடிக்கு 4.76 சென்டிமீட்டர்; அதற்குள் இரண்டு பக்கமும் ஸ்டீரியோ. 1963-ல் ஃபிலிப்ஸ் இதைக் கொண்டுவந்தபோது பேச்சைப் பதிவு செய்யத்தான் பெரிதாக நினைத்தார்கள். அப்புறம் ஜப்பான்காரர்கள் விடவில்லை. 1982-ல் வந்த நகாமிச்சி டிராகன் என்ற டெக், பாட்டு ஓடும்போதே டேப்பைப் படிக்கும் ஹெட்டின் கோணத்தைத் தானே சரிசெய்துகொள்ளும்!

என் டெக் அந்த ஜாதி இல்லை, சாதாரணமானதுதான். (ஜப்பான் உள்ளூர் மாடல், 100 வோல்ட். நம் 230-ல் நேராகச் செருகினால் கதை முடிந்தது, அதனால் ஒரு டிரான்ஸ்பார்மர் வேறு.) பெல்ட் மாற்றி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியை நனைத்து ஹெட்டைத் துடைத்தேன், குச்சி பழுப்பாக வந்தது. அடுத்தது ஹெட்டின் ஓரத்தில், அதன் கோணத்தை மாற்றும் சின்னத் திருகு. பாட்டை ஓடவிட்டுக்கொண்டே அதை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினால், ஓர் இடத்தில் ஜால்ரா சட்டென்று தெளிவாகும், பாடகி மூச்சு இழுப்பதுகூடக் கேட்கும். அதுவரை போர்வைக்குள்ளிருந்து பாடிய மாதிரி இருந்தது. சிடி அளவுக்குச் சுத்தமா என்றால் இல்லை, இரைச்சல் இருக்கிறது. ஆனால் அந்த இரைச்சலுக்குக் கீழே இவ்வளவு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

உங்கள் டெக்கில் இரைச்சலைக் குறைக்கும் டால்பி பி, சி இரண்டும் இருக்கின்றன. பி சுமார் 10 டெசிபல் குறைக்கும், சி கிட்டத்தட்ட 20. ஆனால் எதில் பதிந்தீர்களோ அதிலேயே கேட்க வேண்டும். டால்பி இல்லாமல் பதிந்ததை டால்பி போட்டுக் கேட்டால் மேல் ஸ்தாயி மழுங்கிப்போகும். நீங்கள் எல்பி இசைத்தட்டிலிருந்து பதிந்த கேசட்டுகளின் அட்டையில் "பி" என்று எழுதி வைத்திருப்பீர்களே, அந்தப் பழக்கத்தின் அருமை இப்போதுதான் புரிகிறது. இன்று புதிதாக வரும் பிளேயர்களில் பெரும்பாலும் மலிவான மெக்கானிசம்தான், டால்பியும் இருக்காது. சிங்கப்பூர் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையை 2017-ல் மூடிவிட்டார்கள், பழையதைக் கிளறி எடுக்க அதுவும் இல்லை. அடெல்ஃபி கடைத்தொகுதியில் இருக்கும் ஆடியோ கடைகளில் உங்கள் மாடலைப் போல ஒன்று கேட்டுப் பாருங்கள், விலையைச் சொன்னால் அத்தையே ஸ்டோர் ரூமைப் பூட்டிவிடுவார்.

சரி, உங்களுக்கு வேண்டாமென்றால் எனக்குத் தாருங்கள். சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன். அதுவரை சும்மா போட்டுப் பார்க்கிறேன் என்று ஆன் செய்யாதீர்கள். பெல்ட் இளகிப் பிசினாகியிருக்கும், அது புல்லியில் ஒட்டினால் துடைத்து எடுப்பது பெரும் பாடு. கேசட்டுகளையும் அவற்றின் நடுவில் இருக்கும் சின்ன ஜன்னல் வழியாக ஒரு பார்வை பாருங்கள். நம் ஊர் ஈரத்துக்கு டேப் சுருளில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருக்கலாம். அப்படிப்பட்டதை ஓட்டினால் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். அவற்றைத் தனிப் பையில் போட்டு வையுங்கள், தூக்கி எறிய வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் மருமகன்