சத்திரம் பிரிவும் ஒரு துணைக் கேள்வியும்

அன்புள்ள கோமதி,

உன் கடிதங்கள் இரண்டும் மேஜைமேல் இருக்கின்றன. பதில் எழுதாமல் இருந்ததற்கு என்னைத் தாராளமாகத் திட்டு, ஆனால் இதை முழுதும் படித்துவிட்டுத் திட்டு. வீட்டில் எல்லோரும் நலம். அண்ணிக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது. உன் பேத்தி கணக்கில் நூற்றுக்கு நூறு என்று எழுதியிருந்தாய். அந்தப் பாடத்தில் அவள் நிச்சயமாக உன் வழி இல்லை! என் ஆசிகளை அவளிடம் சொல்.

ராஜத்துக்கு அடிபட்டுவிட்டது. பதறாதே, ஆபத்து நீங்கிவிட்டது, தேறிவருகிறாள். சத்திரம் பிரிவில் பஸ்ஸை விட்டு இறங்கி நான்கு வழிச்சாலையைக் கடக்கும்போது மோட்டார் சைக்கிள் மோதிவிட்டது. மணி எட்டுகூட ஆகவில்லை. இடது தொடை எலும்பு முறிந்துவிட்டது. 108 வண்டி சீக்கிரம் வந்தது, அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் பக்கத்து அரசு மருத்துவமனையில் இரவில் எலும்பு மருத்துவர் இல்லை. கட்டுப் போட்டு, ஊசி போட்டு, மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே அறுவைச் சிகிச்சை நடந்து கம்பி வைத்திருக்கிறார்கள். 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் செலவை அரசே ஏற்றுக்கொண்டது, மகனுக்கு அது பெரிய ஆறுதல். ராஜம் எப்படி இருக்கிறாள் என்று கேட்கிறாயா? வாக்கரைப் பிடித்து நடக்கும்போது, "வார்டன் அம்மா பார்த்தால் என்ன சொல்வார்?" என்று கேட்டாள். நானும் அவளும் சிரித்த சிரிப்பில் நர்ஸ் ஓடி வந்துவிட்டாள்.

சிரித்துவிட்டு வெளியே வந்ததும் எனக்குக் கோபம் தாங்கவில்லை. அந்த இடத்தை நீ பார்த்திருக்கிறாய். சாலை அகலமானபோது பழைய நிறுத்தம் அப்படியே விடப்பட்டது. ஊர் ஒரு பக்கம், பள்ளிக்கூடம் மறுபக்கம். நடுவில் தடுப்புச் சுவரில் ஓர் இடைவெளி, அதுதான் எல்லோருக்கும் வழி. உயர்கோபுர விளக்கு நட்டு வெகுகாலமாகிறது. மின்கட்டணம் யார் கட்டுவது என்ற வழக்கு தீராததால் அது எரிவதில்லை. காலையிலும் மாலையிலும் நீலச் சீருடைப் பிள்ளைகள் கைகோத்துக்கொண்டு அந்த இடைவெளியில் நின்று, லாரிகளுக்கு நடுவில் சந்து கிடைக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

இப்போது உன் மாணவனுக்கு வருகிறேன். ஆமாம், நீ ஆறாம் வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிக்கவைத்த அதே பையன், இன்று நம் தொகுதி உறுப்பினர். ராஜம் மருத்துவமனையில் இருந்தபோதே சட்டமன்றக் கூட்டத்தொடர் தொடங்கிவிட்டது. 2022 ஜனவரியிலிருந்து கேள்வி நேரத்தை நேரலையில் காட்டுகிறார்களே, நான் விடாமல் பார்ப்பவள். ஒரு நாள் நம் பையன் எழுந்தான். சத்திரம் பிரிவில் சுரங்கப்பாதை அமைக்க அரசு முன்வருமா என்று கேட்டான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அமைச்சர் எழுந்து, அது தேசிய நெடுஞ்சாலை, ஒன்றிய அரசின் பொறுப்பில் உள்ளது, மாநில அரசின் பரிசீலனையில் அப்படி எதுவும் இல்லை என்றார். பேரவைத் தலைவர் துணைக் கேள்விக்கு, அதாவது அந்தப் பதிலைத் தொடர்ந்து அங்கேயே மேலும் கேட்பதற்கு, வாய்ப்புக் கொடுத்தார். உன் பையன் என்ன செய்தான் தெரியுமா? அமைச்சருக்கு நன்றி சொன்னான், முதல்வரை வாழ்த்தினான், தன் தொகுதிக்கு ஒரு புதிய பஸ் பணிமனை வேண்டும் என்று கேட்டு உட்கார்ந்துவிட்டான். மறுநாள் கட்சிக்காரர்கள் அந்தக் காட்சியை வாட்ஸப்பில் பரப்பினார்கள். சத்திரம் பிரிவு அங்கேயே நின்றுபோனது.

அவன் நல்ல பையன்தான். ராஜத்தைப் பார்க்கப் பழத்தோடு வந்தான், ஆரவாரம் இல்லாமல் வந்தான். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். தன் கையில் என்ன இருக்கிறது என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சொன்னால் கேட்கக்கூடியவன், அதுவும் நீ சொன்னால்.

நான் வேலையில் இருந்த காலத்தில் சட்டமன்றம் கூடுகிறது என்றாலே எங்கள் அலுவலகத்தின் முகம் மாறிவிடும். யாருக்கும் விடுப்புக் கிடையாது. எல்.ஏ.க்யூ., அதாவது சட்டமன்றக் கேள்வி, என்று தலைப்பில் எழுதிய கடிதம் வந்தால் மற்ற கோப்புகளெல்லாம் ஒதுங்கிவிடும். உறுப்பினர் எழுதிக்கொடுத்த கேள்வி பேரவைச் செயலகத்திலிருந்து துறைச் செயலாளருக்குப் போய், துறைத் தலைவர் வழியாக மாவட்டத்துக்கு இறங்கி, அங்கிருந்து வட்டாரம் வரை வரும். ஆண்டுக்கணக்கில் யாரும் எட்டிப் பார்க்காத இடத்துக்கு மறுநாளே உதவிப் பொறியாளர் அளவு நாடாவோடு போவார். பதில் வந்த வழியே ஏறிப்போகும். அவையில் வைக்கும் பதில் ஒரு வரியாக இருக்கும். ஆனால் அதனோடு துணைக் கேள்விகளுக்கான குறிப்பு என்று ஒரு கட்டுப் போகும், கோமதி, உயிர் முழுக்க அதில்தான் இருக்கிறது. எத்தனை விபத்து, கருத்துரு எந்தத் தேதியில் மேலே போனது, யாரால் திருப்பி அனுப்பப்பட்டது, மதிப்பீடு எவ்வளவு, எந்த மேஜையில் நிற்கிறது, எல்லாம் அதில் இருக்கும். அமைச்சரின் கையில் அந்தக் கட்டு இருக்கிறது. உறுப்பினர் சரியாகக் கேட்டால் அதிலிருந்து பார்த்துச் சொல்லியாக வேண்டும். கேட்காவிட்டால் அது அப்படியே அலமாரிக்குத் திரும்பிவிடும். நம் பையனுக்காகவும் யாரோ ஓர் உதவியாளர் இரவு கண்விழித்து அப்படி ஒரு குறிப்பைத் தயாரித்திருப்பார். அவன் பணிமனை கேட்டுவிட்டான்.

சாலை ஒன்றிய அரசுடையது என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சாலையில் நடப்பதெல்லாம் ஒன்றிய அரசுடையதா? பஸ் எங்கே நிற்க வேண்டும் என்பது போக்குவரத்துத் துறை. அங்கே போலீஸ்காரரை நிறுத்துவது காவல்துறை. விளக்கின் மின்கட்டணத்தில் ஊராட்சி வருகிறது. இரவில் எலும்பு மருத்துவர் இருப்பதும் இல்லாததும் மக்கள் நல்வாழ்வுத் துறை. ஒரு ராஜம் கீழே விழுந்த இடத்தில் நான்கு துறைகள் நிற்கின்றன, நான்கும் சென்னையில் அதே அவையில் பதில் சொல்லக் கடமைப்பட்டவை. இதற்குமேல், மாவட்ட ஆட்சியர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு ஒன்று இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 215-ஆம் பிரிவிலேயே அதற்கு இடம் இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலை என்பதால் அந்தக் குழுவின் கண்ணிலிருந்து ஓர் இடம் தப்பிவிடாது. அந்தக் குழு சத்திரம் பிரிவைப் பற்றி எப்போதாவது பேசியதா என்று கேட்டிருந்தால், அமைச்சர் டெல்லியைக் காட்டியிருக்க முடியாது.

இன்னொன்று. விபத்து அதிகம் நடக்கும் இடங்களை 'பிளாக் ஸ்பாட்' என்று பட்டியலிடுகிறார்களே, அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஏறத்தாழ 500 மீட்டர் நீளத்துக்குள் மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ கொடுங்காயமோ ஏற்பட்ட 5 விபத்துகள், அல்லது மூன்று ஆண்டுகளில் 10 உயிரிழப்புகள். இந்த அளவுகோலுக்குள் வந்தால் அந்த இடத்தைத் திருத்த வேண்டிய கட்டாயம் கூடும். நம் பிரிவு பட்டியலில் இருக்கிறதா, இல்லையென்றால் ஏன் இல்லை என்பது எனக்குத் தெரிய வேண்டும். ராஜத்தின் மகன் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டிருக்கிறான், 30 நாளில் பதில் வரவேண்டும். ஆனாலும் ஒரு தனிமனிதனுக்குத் தபாலில் வரும் தாளும், அமைச்சர் அவையில் எழுந்து நின்று சொல்லி அவைக்குறிப்பில் ஏறும் வார்த்தையும் ஒன்றாகுமா?

நீ என்ன சொல்லப்போகிறாய் என்று எனக்குத் தெரியும். "அவன் ஆளுங்கட்சிக்காரன், தன் அமைச்சரையே எப்படிக் குடைவான்?" 1957-ஐ நினைத்துப்பார். ஆயுள் காப்பீட்டுக் கழகம் முந்த்ரா என்ற வியாபாரியின் நிறுவனங்களில் ஒன்றேகால் கோடி ரூபாய் அளவுக்குப் பணம் போட்டதை மக்களவையில் கேட்டுக் குடைந்தவர் பெரோஸ் காந்தி. காங்கிரஸ்காரர், பிரதமர் நேருவின் மருமகன். இரண்டையும் வைத்துக்கொண்டு வாய்மூடி இருந்திருக்கலாம், இருக்கவில்லை. நீதிபதி சாக்ளா விசாரித்தார், 1958-இல் நம் ஊர் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். நம் பையன் யாரையும் பதவியிறக்க வேண்டாம். ஒரு தேதியைக் கேட்டால் போதும். சொந்தக் கட்சி அமைச்சரிடம் பணிவாகக் கேட்கும் கேள்விக்குச் சில சமயம் எதிர்க்கட்சியின் கூச்சலைவிட நல்ல பதில் கிடைக்கும். அமைச்சருக்கும் அதில் கௌரவக் குறைவு இல்லை.

கேள்வி நேரம் என்றாலே சலிப்போடு பேசுகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது. 2005-இல் கேள்வி கேட்கப் பணம் வாங்கியதற்காக 11 எம்.பி.க்களை நாடாளுமன்றம் வெளியேற்றியதே, அதைச் சொல்லிக் காட்டுவார்கள். ஒரு கேள்விக்கு விலை பேச ஆள் இருந்தான் என்றால் அந்தக் கேள்விக்கு எவ்வளவு பலம் இருந்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2020 செப்டம்பரில் கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டு நாடாளுமன்றம் கூடியது. எழுத்து மூலப் பதில்கள் மட்டும் வந்தன. எழுத்து மூலப் பதிலில் துணைக் கேள்வி கிடையாது, அமைச்சரின் முகமும் கிடையாது. அப்போது நான் எவ்வளவு கொதித்தேன் என்று உனக்கு நினைவிருக்கும், தொலைபேசியில் உன் காது வலிக்கும்வரை பேசினேன்.

கும்பகோணம் என் மனத்தை விட்டுப் போகவில்லை. 2004 ஜூலை 16, பள்ளிக்கூடத் தீயில் 94 குழந்தைகள். அதற்குப் பிறகு எல்லா அவைகளிலும் கேள்விகள் வந்தன, பள்ளிக்கூடங்களில் கீற்றுக் கூரைகளை அகற்ற உத்தரவு வந்தது. கீற்று முந்தின நாளும் அங்கேதான் இருந்தது, கோமதி. நீ அந்த வாரம் உன் பள்ளியின் சமையல் கூடத்தை இடம் மாற்றச் சொல்லித் தலைமையாசிரியரோடு சண்டை போட்டாய். இப்போதும் எனக்கு அந்தச் சண்டை வேண்டும்.

ஆகவே உன்னிடம் கேட்பது இதுதான். அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசு. சுரங்கப்பாதை வேண்டுமா வேண்டாமா என்று மறுபடியும் கேட்க வேண்டாம் என்று சொல். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு சத்திரம் பிரிவைப் பற்றிக் கடைசியாக எந்தத் தேதியில் விவாதித்தது, என்ன முடிவு எடுத்தது என்று கேட்கட்டும். அங்கே கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை விபத்து, எத்தனை உயிர் என்று கேட்கட்டும். சுரங்கப்பாதைக்காக மாநில அரசு ஒன்றிய அரசுக்கு எந்த நாளில் கடிதம் எழுதியது, பதில் வந்ததா, வராவிட்டால் எத்தனை நினைவூட்டல் போனது என்று கேட்கட்டும். விளக்கை எரியவைக்கும் நாள் எது என்று ஒரு நாளைக் கேட்கட்டும். மருத்துவமனைக்குத் தனிக் கேள்வி போடட்டும், ஒரே கேள்வியில் இரண்டு துறையைக் கோத்தால் இரண்டும் நழுவிவிடும்.

அமைச்சர் "விரைவில் செய்யப்படும்" என்றால், அதை அப்படியே விட்டுவிடக் கூடாது. அவையில் அமைச்சர் கொடுக்கும் வாக்குறுதிகள் நிறைவேறினவா என்று பார்ப்பதற்கென்றே அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. மாவட்டங்களுக்கு நேரில் வந்து ஆய்வு செய்கிறார்கள். அந்தக் குழு நம் மாவட்டத்துக்கு வரும்போது சத்திரம் பிரிவில் வண்டியை நிறுத்தி இறங்க வேண்டும். அதற்கு அவன் முன்கூட்டியே குழுத் தலைவருக்கு எழுத வேண்டும், அவைக்குறிப்பின் பக்கத்தை இணைத்து.

சுரங்கப்பாதை மட்டும் டெல்லிக்குத்தான் போக வேண்டும். நம் எம்.பி. வேறு கட்சி என்று பையன் தயங்குவான். தயங்க வேண்டாம். மக்களவையில் அமைச்சர் நேரில் பதில் சொல்லும் நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் ஒரு நாளைக்கு 20 மட்டுமே, குலுக்கலில்தான் இடம் கிடைக்கும், குறைந்தது 15 நாள் முன்னதாக அறிவிப்புக் கொடுக்க வேண்டும். நேரில் பதில் கிடைக்கும் வாய்ப்புக் குறைவு. ஆனால் நட்சத்திரம் இல்லாத கேள்வியாகப் போனாலும் எழுத்தில் பதில் வரும். அதில் ஒன்றிய அமைச்சர் ஏதாவது செய்வதாகச் சொல்லிவிட்டால், மூன்று மாதத்துக்குள் செய்து காட்ட வேண்டும் என்ற முறை அங்கே இருக்கிறது. இரண்டு அவையிலும் ஒரே இடத்தின் பெயர் பதிவானால், இவர் அவரையும் அவர் இவரையும் காட்ட முடியாது. எம்.பி.க்கான கேள்வியையும் நானே எழுதி வைத்திருக்கிறேன், இதோடு தனித்தாளில் இருக்கிறது. சொற்களைக் குறைக்க மட்டும் உன் உதவி வேண்டும், நீதான் கட்டுரை நோட்டுகளில் சிவப்புக் கோடு போட்டே பெயர் வாங்கியவள்.

நெடுஞ்சாலைத் துறை மானியக் கோரிக்கை, அதாவது அந்தத் துறைக்கான நிதியை அவையில் கேட்கும் விவாதம், வருவதற்கு முன் அவனிடம் பேசிவிடு. அவன் ஒப்புக்கொண்டானா இல்லையா என்பதை எழுதாதே, தொலைபேசியில் சொல், கடிதம் வரும்வரை என்னால் காத்திருக்க முடியாது. ராஜம் மகன் வீட்டில் இருக்கிறாள், தை வரை அங்கேதான். அவளுக்கு நீ தனியாக எழுது. என் கடிதத்தில் அவளைப் பற்றி இவ்வளவு பேசியது தெரிந்தால் கோபித்துக்கொள்வாள்.

அன்புடன்,
சாரதா