பற்றவைத்தால் போதும்

கிண்டி, சென்னை

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்தது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் எனக்கு நிம்மதி. இங்கே நாலு நாளாக ஐப்பசி மழை விடவில்லை. வேளச்சேரியில் எங்கள் தெருவில் கணுக்கால் வரை தண்ணீர். மற்றபடி வீட்டில் எல்லோரும் சௌக்கியம்.

"பீங்கான் படித்துவிட்டு, சூளையே இல்லாமல் அங்கே என்னடா செய்கிறாய்?" என்று கேட்டிருந்தாய். விருத்தாசலத்தில் சூளை வாசலிலேயே வளர்ந்தவன், கேட்கத்தான் செய்வாய். சூளையில் சுடாமல், கலவை தானே எரியும் சூட்டிலேயே செராமிக் தூள் செய்கிறோம், அதுதான் என் வேலை.

டைட்டானியம் டை ஆக்சைடு, அலுமினியத் தூள், கார்பன் மூன்றையும் 3:4:3 என்ற மோல் கணக்கில் (எடையில் அல்ல, மூலக்கூறு, அணு எண்ணிக்கையில்) எடுத்து, பால் மில்லில், அதாவது குண்டுகள் உருளும் அரவை இயந்திரத்தில் கலந்து, பெல்லட்டாக, கெட்டியான சிறு உருளையாக அழுத்துகிறோம். எதோடும் வினைபுரியாத ஆர்கான் வாயு நிரப்பிய கலத்துக்குள் அதை நிற்க வைத்து, தலைப்பக்கம் மட்டும் ஒரு டங்ஸ்டன் கம்பியால் சூடு காட்டுகிறோம். நாம் கொடுப்பது அவ்வளவுதான். ஆக்சிஜனை அலுமினியம் பிடுங்கும்போது வரும் வெப்பம் அடுத்த அடுக்கைப் பற்றவைக்கிறது, அது அதற்கடுத்ததை. கண்ணாடி வழியே பார்த்தால் கண் கூசும் கோடு ஒன்று மேலிருந்து கீழே இறங்கும். சுண்டுவிரல் நீளத்தைச் சில நொடிகளில் கடந்துவிடும். அந்தக் கோட்டில் ஏறக்குறைய 2,000 டிகிரி! உன் சூளை நாள் முழுக்க எரிந்தாலும் தொடாத சூடு.

1967-இல் மாஸ்கோ அருகே செர்னகலோவ்காவில் மெர்ஜானவ், பரவீன்ஸ்கயா, ஷ்கிரோ மூவரும் கண்டுபிடித்தது இது. 'திட ஜுவாலை' என்றார்கள். எத்தனை பொருத்தமான பெயர்!

எனக்குப் பிடித்தது வேகம்கூட இல்லை. எரிந்த பிறகு கிடைக்கும் அலுமினாவும் (அலுமினியம் ஆக்சைடு) டைட்டானியம் கார்பைடும் தனித்தனியாகச் செய்து கலந்தவை அல்ல, ஒரே நெருப்பில் கூடவே பிறந்தவை. அதனால் ஒன்றுக்குள் ஒன்று நெருக்கமாகப் பின்னிக் கிடக்கின்றன. அம்பத்தூர்ப் பட்டறைகளில் வார்ப்பிரும்பு கடையும் கறுப்பு செராமிக் இன்சர்ட், அந்த வெட்டுமுனைத் துண்டு, பார்த்திருப்பாயே, அதே ஜோடிதான்.

நம் பக்கத்திலும் இதற்கு ஒரு தம்பி உண்டு. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் கே. சி. பாட்டீல் 1980-களில் வளர்த்த கரைசல் முறை. 20 கிராம் அலுமினியம் நைட்ரேட், 8 கிராம் யூரியா, கொஞ்சம் தண்ணீர். 500 டிகிரி உலையில் வைத்தால் கொதித்து, நுரைத்து, குப்பென்று எரிந்து, பாத்திரம் நிறைய வெள்ளைப் பொரி. நிறுத்தால் மூன்று கிராம்கூட வராது. சிர்கோனியம் உப்பும் சேர்த்தால் அலுமினா–சிர்கோனியா கலவையே கிடைத்துவிடும்.

போன மாதம் ஒரு பாடு பட்டேன். பெல்லட்டுகள் பாதி எரியும்போதே வெடித்துச் சிதறின. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால், நம் ஊர்க் காற்றின் ஈரம்! தூள் குடித்த தண்ணீர், சூடு பட்டதும் வாயுவாகி உடைத்திருக்கிறது. இப்போது இரவு முழுக்க 110 டிகிரியில் உலர்த்தித்தான் அழுத்துகிறேன். அப்புறம், தூள் நைசாக வர உப்பு சேர்க்கிறோம், நம் சோடியம் குளோரைடுதான். உருகி, சூட்டை வாங்கிக்கொண்டு, துகள்கள் ஒட்டாமல் பிரித்து வைக்கிறது. பிறகு தண்ணீரில் அலசினால் போய்விடும். உப்பு கொஞ்சம் கூடிப்போனால் அந்த எரியும் கோடு நடுவழியில் அணைந்துவிடும். எத்தனை உப்பு என்பதில்தான் இப்போது என் நாட்கள் ஓடுகின்றன.

இதனால் சூளைக்கு வேலையில்லை என்று நினைக்காதே. தூள்தான் நொடியில் வருகிறது. அதைக் கெட்டிப்படுத்த 1,600 டிகிரிக்கு மேல் அழுத்தத்தோடு சுட வேண்டும். அங்கே உன் கையின் பக்குவம் எனக்கு வேண்டும். அச்சில் தூள் சமமாக அமராமல் விரிசல் விடுகிறது, நீ பார்த்தால் காரணம் சொல்லிவிடுவாய்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னாலேயே வா. ஒரு பெல்லட்டை உலர்த்தி எடுத்து வைக்கிறேன், ஸ்விட்சை நீ போடு.

அன்புடன்,
ரவி