அந்தக் கல்லை அடுப்பில் வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெள்ளவத்தை, தெஹிவளைத் தொடர்மாடிகளில் கடல்நீர்த் தொட்டி வைத்து மென்முருகை (சொஃப்ட் கோரல்) வளர்ப்பவர்கள் பலர். அதன் பூப்போன்ற சிற்றுயிர்களான பொலிப்புகள் நாலு நாள் விரியாவிட்டால், அவை ஒட்டியிருக்கும் கல்லை வெளியே எடுத்து பிரஷ்ஷால் தேய்க்கிறார்கள். செத்துவிட்டது என்று தோன்றினால் கல்லையாவது மீட்கலாம் என்று கொதிநீரில் போடுகிறார்கள். இரண்டும் பெரும் ஆபத்து. சோவாந்திட் எனப்படும், பொத்தான் வடிவப் பொலிப்புகளின் சில இனங்களில் பாலிடொக்சின் என்ற கடும் நஞ்சு உண்டு. கொதிக்கவைத்தால் அது அழியாது. நீராவியோடு எழுந்து வீட்டிலுள்ள அத்தனை பேரின் மூச்சிலும் போகும். எதில் நஞ்சு இருக்கிறது, எதில் இல்லை என்று நிறத்தைப் பார்த்துச் சொல்லவும் முடியாது.

பொலிப் மூடிக்கொண்டால் முதலில் தண்ணீரை அளவுங்கள். கொழும்பில் கோளாறு பெரும்பாலும் உப்பிலும் சூட்டிலும்தான். வெப்பம் 25 முதல் 27 பாகை செல்சியஸ் வரை இருந்தால் நல்லது. 30ஐத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் பொலிப்புக்குள் வாழ்ந்து அதற்கு உணவூட்டும் நுண்பாசி வெளியேறி, உடல் வெளிறிப்போகும். 1998இல் ஹிக்கடுவை முருகைகள் வெளிறி மடிந்ததும் கடல் சூடேறியதால்தான். நீர்மட்டத்தின் மேல் மின்விசிறி வைத்தால் ஒன்றிரண்டு பாகை இறங்கும்; நம் ஊர்ப் புழுக்கத்தில் அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம். நீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்க முடிந்தவர்கள் வாங்குங்கள்.

மின்விசிறி வைத்தால் தண்ணீர் வேகமாக ஆவியாகும், உப்பு ஆவியாகாது. 200 லீற்றர் தொட்டியில் பத்து லீற்றர் வற்றினால், ஆயிரத்துக்கு 35 பங்காக இருந்த உப்பு ஏறக்குறைய 37 ஆகிவிடும். பொலிப் சுருங்கும். அதைக் கண்டு பதறிப் பத்து லீற்றரையும் ஒரே தடவையில் ஊற்றினால் இரண்டாவது அடி. கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு நேரே ஒரு டேப் துண்டு ஒட்டிவிட்டு, காலையும் மாலையும் அந்தக் கோடு வரை நிரப்புங்கள். நிரப்புவது உப்பில்லாத, ஆர்.ஓ. கருவியில் வடித்த தண்ணீராக இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரின் குளோரீனை மருந்து நீக்கும். ஆனால் அதில் கரைந்துள்ள பொஸ்பேற்றும் சிலிக்கேற்றும் தொட்டியிலேயே தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீற்றரை வெறும் தண்ணீரில் சரிபார்ப்பது போதாது, 35 பங்கு நியமக் கரைசலில் சரிபாருங்கள். கால்வாய்கள் வந்து விழும் வெள்ளவத்தை, தெஹிவளைக் கரையில் கானில் அள்ளிய கடல்நீரை நம்பவே வேண்டாம். மழை பெய்தால் அதன் உப்பும் இறங்கும், கழிவும் ஏறும்.

இன்னொரு தவறு, அளவுக்கு மீறிய சுத்தம். லீற்றருக்கு நைத்திரேற்று 5 முதல் 10, பொஸ்பேற்று 0.03 முதல் 0.1 மில்லிகிராம் வரை இருப்பது மென்முருகைக்கு உணவு. இரண்டையும் பூச்சியத்துக்கு இறக்கினால் அது பட்டினி கிடக்கும். புதிதாக வந்ததை அடியில் வைத்து, இரண்டு வாரத்தில் மெல்ல மேலே ஏற்றுங்கள். தண்டு நீண்டு மேலே எட்டிப் பார்த்தால் வெளிச்சம் போதவில்லை. பம்பின் நீர்த்தாரை நேராக அடிக்கக் கூடாது, பொலிப் அசைந்தாடினால் போதும்.

லெதர் கோரல் என்ற தோல்போன்ற மென்முருகை மூடுவதெல்லாம் நோயல்ல. மேல்தோல் மெழுகு பூசியதுபோல் மினுங்கும். ஒரு வாரம், சிலவேளை அதற்கும் கூட, சுருங்கிக் கிடந்து மெல்லிய சவ்வாக உரியும். அந்த நாட்களில் நீரோட்டத்தைச் சற்றுக் கூட்டினால் சவ்வு விலகிப் போகும். அதே கோரல் நீரில் விடும் இரசாயனம் பக்கத்துப் பொலிப்புகளை ஒடுக்கும். அதை உறிஞ்சும் செயற்படுத்திய கரியை மாதம் ஒருமுறை மாற்றுங்கள்.

எல்லா அளவும் சரியாக இருந்தும் சோவாந்திட் மட்டும் விரியவில்லையா? இரவில் டோர்ச் அடித்துப் பாருங்கள். தான் தின்னும் பொலிப்பின் நிறத்தையே பூசிக்கொண்ட ஓடில்லாக் கடல்நத்தை ஒட்டிக்கொண்டிருக்கும். பொலிப்பின் அடியில் வெண்சுருளாக முட்டை தெரியும். மருந்துக் குளியல் நத்தையைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. முட்டையை இடுக்கியால் எடுத்துவிட்டு, வாரம் ஒருமுறையாக மூன்று நாலு தடவை குளிப்பாட்ட வேண்டும்.

இந்த வேலைகளுக்கு இறப்பர் கையுறையும் கண்ணைச் சுற்றி மூடும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். விரலில் வெட்டுக்காயம் இருந்தால் தொடவே வேண்டாம். உண்மையிலேயே செத்த கல்லை நீருக்குள்ளேயே வாளிக்கு மாற்றி, வெளிக்காற்று உள்ள இடத்தில், ஒரு பங்கு வீட்டு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து அரைமணி நேரமாவது ஊறவிட்டு அகற்றுங்கள். வாயில் உலோகச் சுவை, காய்ச்சல், மூச்சுத்திணறல், கண் எரிவு தோன்றினால் எல்லோரும் அறையைவிட்டு வெளியேறி உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் தேசிய நச்சுத் தகவல் நிலையம் இருக்கிறது. வைத்தியரிடம் பாலிடொக்சின் என்ற பெயரையே சொல்லுங்கள். மீன் தொட்டி கழுவினேன் என்று மட்டும் சொன்னால் சாதாரணக் காய்ச்சலுக்கான மருந்தோடு திருப்பி அனுப்பிவிடக்கூடும்.

கடல்நீர்த் தொட்டி வளர்ப்போர்,
கொழும்பு 06