நஞ்சுக்கொடியும் ஒரு துண்டுக் கொழுப்பும் தந்த தாய்மார்களுக்கும், அவற்றைப் பழுதில்லாமல் சேர்த்தவர்களுக்கும் நன்றி

கர்ப்பத்தில் இரத்த அழுத்தம் ஏறி, பல நேரம் முன்கூட்டியே பிரசவம் பார்க்க வைக்கும் நோய் பிரீஎக்லாம்ப்சியா. அதில் இறுகிப்போகும் இரத்தக்குழாய்களை எந்த மருந்து தளர்த்தும் என்று தேடுகிறோம். சிசேரியனின்போது நஞ்சுக்கொடியையும், குடலைப் போர்த்தியிருக்கும் ஒமென்டம் கொழுப்பில் சிறு துண்டையும் தரச் சம்மதித்த தாய்மார்களுக்கு முதல் வணக்கம். இதனால் உங்களுக்குப் பலன் ஏதும் இல்லை என்று தெரிந்தே கையெழுத்திட்டீர்கள்.

அறுவை அரங்கச் செவிலியர்களுக்குப் பட்ட கடன் பெரியது. குழாயின் உட்புறம் இருப்பது ஒரே அடுக்குச் செல்கள், எண்டோதீலியம். நஞ்சுக்கொடி அளவுமீறிச் சுரக்கும் எஸ்ஃபிளிட்-1 புரதம், அந்த அடுக்கைப் பேணும் விஇஜிஎஃப், பிஎல்ஜிஎஃப் என்ற இரண்டு வளர்ச்சிப் புரதங்களையும் பிடித்துக்கொள்வதால் அது நலிகிறது. ஃபோர்செப்ஸில் நசுங்கினாலும், இரத்தக்கசிவை நிறுத்தச் சுடும் காட்டரிக் கருவியின் சூடு பட்டாலும் அதே அடுக்குதான் கெடும். அப்புறம் குழாய் தளராவிட்டால் அது நோயின் வேலையா, கைபட்ட கோளாறா என்று பிரித்தறிய வழியில்லை. நீங்கள் கத்தியால் நறுக்கி, உடனே ஐஸில் வைத்த உப்புக் கரைசலில் போட்டு, நறுக்கிய நேரத்தை லேபிளில் குறித்து அனுப்பினீர்கள்.

ஆய்வக நுட்பர்களே, 200 முதல் 300 மைக்ரான் குழாயைக் கொழுப்பிலிருந்து பிரித்து, 2 மி.மீ. வளையமாக்கி, இழுவிசையை அளக்க 40 மைக்ரான் கம்பிகள் இரண்டை உட்சுவரில் உரசாமல் நுழைப்பது லேசான காரியம் இல்லை. 37 டிகிரி வெப்பத்தில், 95% ஆக்சிஜனும் 5% கார்பன் டை ஆக்சைடும் செலுத்தி, குழாய் சுருங்குகிறதா என்று முதலில் பொட்டாசியம் கொடுத்துப் பார்த்தீர்கள். சுருங்காத வளையங்களைத் தயங்காமல் ஒதுக்கினீர்கள். அதன் பிறகே, எண்டோதீலியம் வழியாகக் குழாயைத் தளர்த்தும் பிராடிகைனினைப் படிப்படியாகக் கூட்டித் தளர்ச்சியை அளந்தீர்கள்.

ஒரே தாயிடமிருந்து நான்கு வளையம் வந்தாலும் கணக்கில் ஒன்றுதான் என்று விடாப்பிடியாக நின்ற புள்ளியியலாளருக்கும் நன்றி.

மருந்துச் சோதனைகளில் சேர்ந்த தாய்மார்களை மறக்க முடியாது. ஆய்வகத்தில் எஸ்ஃபிளிட்-1-ஐக் குறைத்த எசோமெப்ரசோல் என்ற வயிற்று அமில மருந்து, தென்னாப்பிரிக்காவில் 120 பேரிடம் தினம் 40 மி.கி. கொடுத்துப் பார்த்தபோது கர்ப்பத்தை நீட்டிக்கவில்லை. முடிவு 2018-இல் வந்தது. அங்கேயே 180 பேரிடம் நடந்து 2021-இல் வெளியான மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மருந்தின் சோதனையில் கர்ப்பம் நீடித்த காலத்தின் இடைநிலை அளவு (மீடியன்) 17.7 நாள், மருந்தில்லா மாத்திரைக்கு 10.1 நாள். நம்பிக்கை தருகிறது, ஆனால் உறுதியாகச் சொல்ல அது போதாது. ஆகவே இவற்றை யாரும் தாமாக எடுக்க வேண்டாம். அதிக அபாயமுள்ளவர்களுக்கு மருத்துவர் சொன்னால் 11–14 வாரத்தில் தொடங்கி 36 வாரம் வரை இரவில் 150 மி.கி. ஆஸ்பிரின், தடுப்புக்கு நிரூபணமான வழி.

எஞ்சிய திசுக்கள் மைனஸ் 80 டிகிரியில் இருக்கின்றன. சம்மதத்தைத் திரும்பப் பெற நினைத்தால் காரணம் சொல்லவே வேண்டாம். உங்கள் துண்டை எடுத்து அழித்துவிடுவோம்.