டெமரேர் கப்பலும் நெல்சன் தூணும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லண்டனை ஒரே நாளில் சுற்றிப் பார்ப்பது பற்றிச் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரை, தேசிய ஓவியக் கூடத்துக்கு ஒரு மணி நேரமும், அதன் வாசலிலேயே இருக்கும் டிரஃபால்கர் சதுக்கத்துக்குப் படம் எடுத்துக்கொள்ளும் அளவுக்குச் சில நிமிடங்களும் ஒதுக்கியிருந்தது. நேரக் கணக்கில் எனக்குப் பெரிய மாறுபாடு இல்லை. ஆனால் சேர்த்துப் பார்த்தால்தான் பொருள்படும் இரண்டை, ஒன்றோடொன்று தொடர்பற்ற இடங்களாகக் கட்டுரையாளர் பிரித்துவிட்டார்.

கூடத்தில் உள்ள, ஆங்கில ஓவியர் டர்னரின் 1839-ஆம் ஆண்டு ஓவியம், ‘டெமரேர்’ என்னும் போர்க்கப்பலின் கடைசிப் பயணத்தைக் காட்டுகிறது. 1805-இல் நடந்த டிரஃபால்கர் கடற்போரில், பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் ‘விக்டரி’ கப்பலை அடுத்து வந்து சண்டையிட்ட அந்தக் கப்பலை, புகை கக்கும் சிறிய இழுவைப் படகொன்று உடைப்பதற்காக இழுத்துச் செல்ல, வலப்பக்கத்தில் சூரியன் மறைந்துகொண்டிருக்கிறது. இதைப் பார்த்த கையோடு வெளியே வந்து, சதுக்கத்தில் நிற்கும், ஏறக்குறைய 52 மீட்டர் உயரமுள்ள நெல்சன் தூணின் தெற்குப் பக்கத்துக்குப் போனால், அதே போரில் நெல்சன் உயிர் நீத்த காட்சி வெண்கலப் புடைப்புச் சிற்பமாக அடிப்பீடத்தில் இருக்கிறது. தூணடியில் உள்ள சிங்கச் சிலைகளோடு படம் எடுத்துக்கொள்பவர்களில் பெரும்பாலோர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. கூடத்தை ஒட்டியே இருக்கும் தேசிய உருவப்படக் கூடத்தின் தொகுப்பில் நெல்சனின் முகமும் உண்டு. கட்டுரை அந்தக் கூடத்தின் பெயரைக்கூடச் சொல்லவில்லை.

2,300-க்கும் மேற்பட்ட ஓவியங்களைக் கொண்ட ஓர் இடத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிட முயல்வது வீண் வேலை. ஜெர்மானிய ஓவியர் ஹோல்பைன் 1533-இல் வரைந்த ‘தூதுவர்கள்’ ஒன்றையே எடுத்துக்கொள்வோம். நேரே நின்று பார்த்தால் இருவரின் காலடியில் ஏதோ சாம்பல் நிறக் கறை இழுபட்டுக் கிடப்பது போலத் தெரியும். படத்தின் வலப்பக்கம் சுவரை ஒட்டி நின்று சாய்வாகப் பார்த்தால்தான் அது மண்டையோடாக உருத்திரளும். கூட்டம் இருந்தால் அந்த இடம் கிடைக்கச் சற்றுக் காத்திருக்க வேண்டும். கைப்பேசியில் நேராகப் படம் பிடித்துக்கொண்டு நகர்பவருக்கு இது வாய்ப்பதில்லை.

இரண்டாம் உலகப் போரின்போது ஓவியங்கள் அனைத்தும் பாதுகாப்புக்காக வெளியேற்றப்பட்டு வேல்ஸில் ஒரு கற்சுரங்கத்தில் வைக்கப்பட்டிருந்த நிலையில், 1942-இல் நாளிதழொன்றின் ஆசிரியருக்கு எழுதப்பட்ட கடிதத்தைத் தொடர்ந்து, மாதம் ஒரு படம் மட்டும் லண்டனுக்குக் கொண்டுவரப்பட்டது. குண்டுவீச்சுக்கு ஆளான நகரத்து மக்கள் அந்த ஒற்றைப் படத்துக்காகவே கூடத்துக்கு வந்தார்கள். நாமும் ஐந்தாறு படங்களோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று சொல்வதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

நிரந்தரத் தொகுப்பைப் பார்க்கக் கட்டணம் இல்லை என்பதைச் செலவு மிச்சமாக மட்டுமே கட்டுரை குறிப்பிடுகிறது. காலையில் சில படங்களைப் பார்த்துவிட்டு, சதுக்கத்தையும் எதிரே உள்ள தூய மார்ட்டின் தேவாலயத்தையும் சுற்றி வந்து, அந்தத் தேவாலயத்தின் நிலவறை உணவகத்தில் இளைப்பாறி, மாலையில் மீண்டும் உள்ளே போகலாம் என்பதே அதன் உண்மையான வசதி. தகவல் பெட்டியில் மாலை 6 மணியோடு கூடம் மூடப்படும் என்று பொதுவாக அச்சாகியுள்ளது. வெள்ளிக்கிழமைகளில் இரவு 9 மணி வரை திறந்திருக்கும் என்பதை அடுத்த இதழில் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்